துப்பாதே, விழுங்காதே

லாங்னவ் பாலர் பள்ளிக் கதவில்
என் பெயரை ஒட்டியிருந்தார்கள்,
ஓர் எழுத்தை விட்டுவிட்டு.
வெள்ளி, பத்தரை மணி: ஆரபியின் அம்மா கதை சொல்லுவா.

முதியோர் இல்லத்துச் சலவை அறையிலிருந்து
கையில் சோப்பு வாசத்தோடு போனேன்.
வாசலில் பதினேழு சோடி ஈரச் சப்பாத்து.
என் ஜேர்மன் மரக்கறிக் கடைக்குக் காணும்,
கடலுக்குக் காணாது.
அதனால் உடற்பயிற்சி அறையிலிருந்து
ஒரு கயிறு வாங்கிக்கொண்டேன்.

இது பாம்பு, என்றேன்.
எல்லோரும் வால்பக்கம் ஓடினார்கள்.
தேவர்கள் நின்றதும் அங்கேதான்.
பாதிப் பேரைக் கெஞ்சித் தலைப்பக்கம் அனுப்பினேன்.
வூத்ரிச் ரீச்சர் மலையானா,
இடுப்பில் கயிறு இரண்டு சுற்று.
யாரும் கேட்காமலே ஆரபி குப்புறப் படுத்து
ஆமையானாள்.

கடல் முழுக்கப் பால் என்றதும்
ஹன்னஸின் கை உயர்ந்தது.
அவன் வீட்டில் இருபத்தெட்டுப் பசு,
ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.
"ஆர் கறந்தது?"
நான் சொல் தேடுவதற்குள் அடுத்தது:
"கடைஞ்சால் வெண்ணெய்தான் வரும்."
எமென்டால் பிள்ளைக்குக் கடைதலைப் பற்றி
நான் என்ன சொல்ல?

இல்லை, முதலில் நஞ்சு வந்தது, என்றேன்.

கயிறு நின்றது.
ஏன்?
பாம்புக்கு நொந்தது.
என்னிடம் இருந்த சொல் அவ்வளவுதான்.
அது விளங்கியது.
மூக்கு ஒழுகிய ஒரு சிறுமி
கயிற்றைத் தடவிக் கொடுத்தாள்.

வெறுங்கோப்பை ஒன்றை நடுவில் வைத்தேன்.
குடிப்பவர் இல்லாவிட்டால் உலகம் கருகிவிடும்.
நானே குடிப்பதாகத்தான் திட்டம்;
கழுத்தில் கட்ட நீலத் துண்டும் கொண்டுவந்திருந்தேன்.

அதற்குள் நாஹோம் எழுந்தான்.
புரட்டாசியில் எரித்திரியாவிலிருந்து வந்தவன்.
இதுவரை எந்த மொழியிலும்
அங்கே ஒரு சொல் சொல்லாதவன்.
கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து
அண்ணாந்து குடித்தான்.

துப்பாதே, விழுங்காதே!
தமிழில்தான் கத்தினேன்.
அவன் இரண்டும் செய்யவில்லை.
தொண்டையைப் பிடித்துக்கொண்டு
கன்னம் உப்ப நின்றான்.
துண்டைக் கட்டிவிட்டேன். நின்றான்.
அமுதம் வந்தது, ஆப்பிள் சாறு,
அசுரருக்கும் ஊற்றச் சொன்னா ரீச்சர்;
இந்த நாட்டில் அப்படித்தானாம்.
எல்லோரும் குடித்தார்கள்.
அவன் மட்டும் தலையாட்டி மறுத்தான்.
இடமில்லை என்பதுபோல.

மேலங்கி மாட்டும் நேரம்
ஹன்னஸ் என் கையை இழுத்தான்.
"அது இன்னும் அங்கேயே இருக்கா?"
இருக்கு.
"நோகுமா?"

கோயில் சுவரில் அது ஒரு நிறம்.
வண்ணம் உரிந்தால் திருவிழாவுக்கு முதல்
திரும்பப் பூசுவார்கள்.
நோகுமா என்று
முப்பத்தாறு வயதுவரை நான் கேட்டதில்லை.
பேர்னில் விசாரணை அறையில்
மொழிபெயர்க்க வந்தவர் ஒருக்கால் சொன்னார்:
விழுங்காமல் சொல்லுங்கோ, தங்கச்சி.

தெரியாது, என்றேன் ஹன்னஸிடம்.
அவனுக்கு அது போதவில்லை.

திங்கள் மாலை, புகையிரத நிலையத்தில்
நாஹோமும் அவன் தாயும்.
நீலத் துண்டு அவன் கழுத்தில்தான்.
நித்திரையிலும் கழற்றுகிறானில்லை என்று
கையால் தலையணை காட்டிச் சொன்னா.
இருக்கட்டும் என்றேன், தமிழில்.
அவ தன் மொழியில் ஏதோ சொன்னா.
பிறகு இரண்டு பேரும்
பேர்ன் வண்டியின் நேரத்தைப் பார்த்தோம்.

அவன் என் மேலங்கியை இழுத்து
அண்ணாந்து வாயைத் திறந்தான்,
பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல், அகல.
இருக்கிறதா என்று
நானும் மெய்யாகவே குனிந்து பார்த்தேன்.

கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது.