மஞ்சள்

கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர்.
அதில் அஞ்சு சொட்டு மருந்து.
மூடிக் குலுக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மஞ்சள் வரவேண்டும்.
வந்தால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம்.
மூன்று நாள் பயிற்சியில் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.
மிச்சமெல்லாம் டீயும் பன்னும்.

செல்லூரில் எனக்கு நாற்பது தெரு.
மேட்டுத் தெருவில் எலுமிச்சைத் தோல் நிறம்,
ரேஷன் கடைப் பக்கம் வெளிறிய மஞ்சள்,
பந்தல்குடி வாய்க்காலை ஒட்டி
பைப்பு முடிகிற கடைசிச் சந்தில்
ஒன்றுமில்லை.
கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும்.
நான் குடியிருப்பது அங்கேதான்.

"பாயிண்ட் ரெண்டுன்னு போடும்மா,
நேத்தும் அதானே போட்டிருக்கு" என்பார் மேஸ்திரி.
போட்டேன்.
தினக்கூலிக்காரி கையில்
பேனா லேசாகத்தான் ஓடும்.

பங்குனியில் ஒருநாள்
வேலுத்தாய் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
சோணைமுத்துவின் கீழிமையை
விரலால் இழுத்துக் காட்டினாள்.
குழாயில் வராத மஞ்சள்
பிள்ளை கண்ணில் வந்திருந்தது.

கீழாநெல்லி, பெரியாஸ்பத்திரி, பதினோரு நாள்.
பிழைத்துக்கொண்டான்.

அன்றைக்குச் சைபர் என்று எழுதினேன்.
மறுநாளும் சைபர்.
நோட்டில் வரிசையாக முட்டை.
மேஸ்திரி அழிக்கச் சொன்னார்.
பேனாவில் எழுதியதை எப்படி அழிக்க, என்றேன்.

இருபத்துமூன்றாவது முட்டைக்குக்
கடப்பாரையோடு நாலு பேர் வந்தார்கள்.
சாக்கடையை விட்டு மூன்றடி தள்ளி
என்று வரைபடத்தில் இருந்த பைப்பு
சாக்கடைக்குள்ளேயே படுத்திருந்தது.
துரு தின்ற ஓட்டையில்
யாரோ, எந்தக் காலத்திலோ
சைக்கிள் ட்யூபைச் சுற்றி
சேலைக் கிழிசலால் இறுக்கியிருந்தார்கள்.
ஊதாப் பூப்போட்ட சேலை.
யாருடையது என்று சந்தே குனிந்து பார்த்தது.
கட்டியவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
இத்தனை நாளும் நோட்டில்
நான் போட்டதும் அந்த மாதிரிக் கட்டுதான்.

அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம்
புதுப் பைப்பில்
விடிகாலை மூணரைக்குத் தண்ணீர் வந்தது.
செல்போன் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு அடியிலிருந்து
மெதுவாக.

வேலுத்தாய் ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.
"என்னடி, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது!"
இத்தனை வருசம் சாக்கடை வாடையைக்
கண்ணை மூடி விழுங்கியவள்.
"ஒரு மணி நேரம் திறந்து வை, போயிரும்" என்றேன்.
மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே
அஞ்சாவது குடத்தை வைத்தாள்.
பிறகு வாய்க்கால் ஓரத்து இருட்டைத்
தாடையால் காட்டிக் கேட்டாள்:

"சரி, அந்தக் கக்கூஸுக்குக் கதவு வர
எத்தன சொட்டு ஊத்தணும்?"