மூன்றாவது கியர்

லெ கோல் சர்க்கரை ஆலைக்கு ஏறும் சாலையில்
என் ஸ்டுடியோ.
ஸ்டுடியோ என்பது கொஞ்சம் அதிகம்.
முன்பு டயர் கடை;
சுவரில் இன்னும் விலைப்பட்டியல் இருக்கிறது.
முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அறைந்து
கொஞ்சம் அமைதி தயாரித்து வைத்திருக்கிறேன்.
ஜூலையிலிருந்து டிசம்பர் வரை அது செல்லாது.
கரும்பு லாரிகள்.
இந்தத் தீவில் அவற்றுக்குத் திமிங்கிலம் என்று பேர்.

அந்தப் பருவம் பார்த்துத்தான் வந்தாள்
நெரேயா, ஹிஹோன் துறைமுகத்துக்காரி.
நான்கு பேர் குழுவில் ஒன்பது வருஷம்
இரண்டாம் குரல்.
சேன்-லெ கச்சேரியோடு குழு உடைந்தது.
மூன்று பேர் விமானம் ஏறினார்கள்.
இவள் டிக்கெட்டை மாற்றிவிட்டு
என் கதவைத் தட்டினாள்.
"பத்துப் பாட்டு. என் பேரில். எவ்வளவு ஆகும்?"
சொன்னேன்.
பாதிதான் இருக்கிறது என்றாள்.
பரவாயில்லை, பாதி நாள் லாரிக்குப் போய்விடும் என்றேன்.

காதல் பாட்டுகள் என்று நினைத்திருந்தேன்.
ஒன்று வாடகை ஒப்பந்தத்தைப் பற்றியது.
ஒன்று, இரண்டு பேருக்கு வாங்கிப் பழகிய ரொட்டி
பாதி காய்ந்துபோவதைப் பற்றி.

முதல் நாளே ஹெட்போனில் கேட்டது:
பல்லவி வந்ததும் குரல் மெலிகிறது.
கண்ணாடி வழியே பார்த்தால்
ஆள் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறாள்,
பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி.
ஒன்பது வருஷம் ஒரே மைக்கில் இரண்டு வாய்.
அவனுடைய பாதியை
இன்னும் அவனுக்கே வைத்திருந்தாள்.

நான் சொல்லவில்லை.
சொன்னால் உடம்பு விறைத்துக்கொள்ளும்.
புதுச்சேரியிலிருந்து வந்த முதல் வருஷம்
நானும் கட்டில் விளிம்பிலேயே படுத்தேன்,
மூன்று தம்பிகள் சுவர்ப்பக்கம் கிடப்பதுபோல.
அவள் காப்பி போடப் போகும்போதெல்லாம்
மைக்கை ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வைத்தேன்.
அவளும் ஒரு விரற்கடை நகர்ந்தாள்.
மறுநாள் இன்னொன்று.
இப்படியே போனால் பத்தாவது பாட்டுக்குள்
சுவரில் போய் முட்டுவாள் என்று தோன்றியது.

ஏழாவது பாட்டு.
காலையிலிருந்து பதினாலு டேக், பதினாலு லாரி.
பதினைந்தாவது லாரிக்கு அவள் நிறுத்தவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு,
ஜன்னல் சட்டம் அதிரும் அந்த உறுமலைக் காதால் பிடித்து,
கிட்டாரின் தடித்த தந்தியைத்
தளர்த்தினாள், தளர்த்தினாள்,
அது லாரியோடு போய் ஒட்டும்வரை.
பிறகு பாடினாள்.
மைக் நான் தள்ளிய மூலையில் நிற்க,
இவள் நடு அறையில்,
காலை அகட்டி,
யாருக்கும் இடம் விடாமல்.

அதனால்தான் அந்தப் பாட்டில் மட்டும்
குரல் தூரத்தில் கேட்கும்.
குறை என்னுடையது.
திரும்ப எடுக்கலாம் என்றேன்.
"தொடாதே."

மே மாதம் தபாலில் வந்தது இசைத்தட்டு.
உறையில் அவள் முகம் இல்லை,
டயர் விலைப்பட்டியல்.
பின்னால் பொடி எழுத்தில்
பாட்டு, கிட்டார், மற்றதெல்லாம் அவள் பேர்.
என் பேரில் ஓர் எழுத்துப் பிழை.
ஏழாவதற்கு நேரே மட்டும்
சுருதி: ஃப்ரெதி வயாபூரி.
அன்று சாயங்காலம் காற்று வாங்கப் போகிறேன் என்றவள்
எடைமேடை வரிசையில் லாரி லாரியாக விசாரித்து
பேர் வாங்கி வந்திருக்கிறாள்.
எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை வரை காத்திருந்தேன்.
அதே வரிசையில், இஞ்சினை அணைத்துவிட்டு
சீட்டில் கால் நீட்டிக் கிடந்தான் வயாபூரி.
போனில் போட்டுக் காட்டினேன்.
பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
"மூன்றாவது கியர்" என்றான்.
"கரும்பு நனைந்திருக்கிறது.
காய்ந்த சுமை இப்படி முனகாது."
வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை.
பின்னால் ஹாரன்.

"இன்னொரு தடவை போடு.
நான் தாண்டிப் போன பிறகு வருகிற இடம்.
அதை நான் கேட்டதே இல்லை."