உப்புப் பொட்டலம்

விடியக்காலம் வேன்காரன் ஹாரன் அடிச்சப்போ
முதல் பாலை ஊத்தி அப்பத்தான் இறக்குனேன்.
காரையாறு செக்போஸ்ட் தாண்டுனதும் ஞாபகம் வந்துச்சு:
சொதிக்கு உப்புப் போடல.

பொட்டலம் பையிலதான் கிடந்துச்சு.
மேல போயி போட்டுக்கிடலாம்னு விட்டுட்டேன்.

வந்தது ஏழு பேர்.
ஏழுக்கு மேல கூட்டிட்டுப் போமாட்டாரு மல்லன் காணி.
பாளையங்கோட்டைப் பல் டாக்டர் செல்வின், அவரு வீட்டுக்காரி,
மேலப்பாளையத்து நஸ்ரின், அவ தம்பி,
சங்கரன்கோவில்ல இருந்து கூட்டாளிக ரெண்டு பேரு,
தனியா வந்த தூத்துக்குடிக்காரர் ஒருத்தர்.
உப்பளத்துல முப்பது வருசமாம்.
கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

என்னா பேச்சு!
அட்டைக்குப் புகையிலையா சுண்ணாம்பான்னு ஒரு பட்டிமன்றம்.
வழுக்குதுங்கிற ஒரு சொல்லை
ஏழு பேரும் ஏழு தடவை சொன்னாக.
எனக்குத் தலையில தூக்குச்சட்டி,
பேச மூச்சு மிச்சமில்ல.

ஓடைப் பாறையில இலை போட்டாச்சு.
இஞ்சிப் பச்சடி, கிழங்கு வறுவல், ஆளுக்கு ரெண்டு அப்பளம்,
மல்லன் வீட்டுல அவிச்ச மரவள்ளி,
காந்தாரி மிளகாத் துவையல்.
சட்டி மூடியைத் திறக்கேன்,
அக்கரை ஈத்தங்காட்டுல
மடக்குனு ஒண்ணு முறிஞ்சுது.

மல்லன் ஒரு துளிர்ப் புல்லைக் கிள்ளி மேல விட்டாரு.
அது எங்க பக்கமா வந்து விழுந்துச்சு.
விரலை உதட்டுல வச்சாரு.
அதே விரலால இலையைக் காட்டுனாரு:
சாப்பிடுங்க.

பையில கைய விட்டேன்.
பாலிதீன் கவர், ரெட்டை முடிச்சு.
தொட்டதும் சரசரன்னுச்சு பாருங்க,
அந்தக் காடே என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி.
மல்லன் பார்த்த பார்வையில கையை எடுத்துட்டேன்.

நாலு வருசமா வாறவுகளுக்கு ஆக்கிப் போடுதேன்.
சூப்பர்க்கா சூப்பர்க்கான்னு கேட்டிருக்கேன்.
என் சமையலை அன்னைக்குத்தான் கேட்டேன்.
முருங்கைக்காய உறிஞ்சுறது,
பீன்ஸ் கடிபடுறது,
சோத்தைப் பிசையுற அஞ்சு விரலோட ஈரச் சத்தம்.
நஸ்ரின் தம்பி அப்பளத்தைச் சொதிக்குள்ள முக்கி
அது துணியாத் துவளுற வரைக்கும் காத்திருந்து
வாயில வச்சான்.
டாக்டர் உதட்டைப் பூட்டிக்கிட்டு மெல்லுதாரு
ஒவ்வொரு பல்லா எண்ணுற மாதிரி.

உப்பளத்துக்காரர் கை
ஒரு கவளத்துல நின்னுச்சு.
என்னைப் பார்த்தாரு.
நான் ஓடையைப் பார்த்தேன்.
ஓடையில என்ன இருக்கு, தண்ணிதான்.

அந்தப் பக்கம் பட்டையை உரிக்குது, கிழிக்குது,
அவசரமே இல்லாம அரைக்குது.
எத்தனைன்னு தெரியல. குட்டி ஒண்ணு உண்டு,
அது மட்டும் சிந்திச் சிந்தித் தின்னுச்சு.
அதுகளும் உப்புக்கு மண்ணைத் தோண்டி நக்குமாம்,
மல்லன் சொல்லியிருக்காரு.
ஆக, அன்னைக்கு ரெண்டு கரையிலயும்
உப்பில்லாப் பந்தி.

உப்பளத்துக்காரர் பச்சடியைக் கொஞ்சம் தள்ளிப் பிசைஞ்சு
இலையை வழிச்சுச் சாப்பிட்டாரு.
மறுசோறு வேணும்னு
கையால காட்டவும் செஞ்சாரு.

முறியுற சத்தம் மெல்ல மெல்ல மேல ஏறி
இல்லாமப் போச்சு.
மல்லன் தலையை எண்ணுனாரு. ஏழு.
என்னையும் ஒரு தடவை எண்ணிக்கிட்டாரு.

வேன் ஏறுனதும் அணை உடைஞ்சுது.
தந்தம் இம்மாம் நீளம், காது முறம் மாதிரி.
ஒருத்தரும் பார்க்கல, ஒரு வாலைக்கூட.
எனக்கென்ன, சொல்லிட்டுப் போகட்டும்.

உப்பளத்துக்காரர் விக்கிரமசிங்கபுரத்துல இறங்குனாரு.
சன்னல் பக்கமா வந்து,
குரலைத் தாழ்த்தி,
"யக்கா, அடுத்த வாட்டி ஒரு மூடை அனுப்பி வைக்கேன்."
சிரிக்கக்கூட இல்ல அந்த மனுசன்.

ராத்திரி உலை கொதிக்கையில
பையில இருந்து பொட்டலத்தை எடுத்தேன்.
அந்தச் சண்டாள முடிச்சு
ஒரு சத்தம் இல்லாம
அவுந்துச்சு.