ஆணி வாங்கிய டோஸ்

எவ்வளவு டோஸ் வாங்கியிருப்பீங்க என்கிறார்
ஸ்டான்லியில் ரத்தம் பார்க்கும் டாக்டர்.
எங்கள் காசிமேட்டில் டோஸ் என்றால் திட்டு.
அதை யார் எழுதி வைத்தார்கள்.

ஆறு வருஷம் இரிடியம் பெட்டி தூக்கினேன்.
மணலியில், எண்ணூரில், குழாய் குழாயாக
வெல்டிங்குக்கு உள்ளே படமெடுக்கிற வேலை.
கம்பெனி இருந்த அம்பத்தூர் ஷெட்
இன்று கல்யாண மண்டபம்.
மாப்பிள்ளை ரூம் பக்கம்தான்
பெட்டியை இறக்கிப் பூட்டும் குழி;
டைல்ஸ் போட்டுவிட்டார்கள்.

மூன்று கடிதம், ஒரு ஆர்.டி.ஐ.
நாலு மாதம் கழித்து வந்தது என் பேட்ஜின் சரித்திரம்:
இருபத்து மூன்று காலாண்டுக்குப் பூஜ்யம்,
ஒன்றுக்கு மட்டும் ‘பேட்ஜ் திரும்பவில்லை’.

பூஜ்யம்தான் வரும்.
அளவு ஏறினால் உட்கார வைத்துவிடுவான்,
ஓ.டி. போய்விடும் என்று
நானும் ரொசாரியோவும் பேட்ஜைக் கழற்றி
உடை மாற்றும் அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம்.
இது அந்த ஆணி வாங்கிய டோஸ்.

படங்களாவது இருந்திருக்கலாம்.
ஒவ்வொன்றின் மூலையிலும் ஈய எழுத்தில்
தேதி, ஜாயின்ட் நம்பர், என் இனிஷியல்.
சௌகார்பேட்டைக்காரர் கிலோ கணக்கில் வாங்கி
வெள்ளியைக் கழுவி எடுத்துக்கொண்டார்.
என் ராத்திரிகள் இப்போது
யார் காலிலோ கொலுசு.

மிச்சம், கோமளத்தின் சீட்டுக் கணக்கு நோட்டு.
ஓ.டி. ராத்திரி ஒவ்வொன்றுக்கும் பதினைந்து ரூபாய் வரவு.
ஆராய்ச்சிக் கூடத்துப் பெண் விரல் வைத்து எண்ணினாள்:
அறுநூற்றுப் பதினொன்று.
ஒரு ராத்திரிக்கு எத்தனை படம்,
ஒரு படத்துக்கு எத்தனை நிமிஷம்,
எத்தனை அடி தள்ளி நின்னீங்க சார்?
பெருக்கிக்கொண்டே போனாள்.

ஒண்ணு விட்டுப்போச்சு என்றேன்.
எண்பத்தொன்பது, ஐப்பசி மழை.
கம்பி சிக்கி, சோர்ஸ் உள்ளே திரும்பவில்லை.
ரொசாரியோ டார்ச் பிடிக்க
இடுக்கியால் நான் தள்ளினேன்.
நாற்பது எண்ணியிருப்பேன். கூடவும் இருக்கலாம்.
அதற்கு ஓ.டி. கிடையாது.
வெளியே மூச்சு விடாதே என்றான் சூப்பர்வைசர்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.
அந்தத் தேதிக்கு நேரே கோமளத்தின் கையெழுத்து:
‘செகண்ட் ஷோ போனார். செலவு நாலு ரூபாய்.’

அதுவரை பேசாதிருந்த கோமளம்
நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
என்ன படம்னு அன்னைக்கே கேட்டேன்.
சோறு வேணாம், குமட்டுதுன்னு
திரும்பிப் படுத்துட்டே.