கால் கிலோ வெள்ளை எள்

சனிக்கிழமை எள் கேட்டால்
கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.
"யாருக்கும்மா?"
"வெள்ளரிக்காய்க்கு" என்றேன்.

துரைசாமி சுரங்கப்பாதையில் மாட்டிய லாரிபோல
அவர் முகம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
பிறகு, "கறுப்பா, வெள்ளையா?"
வெள்ளை. கால் கிலோ.
எலுமிச்சை ஒன்று பத்து ரூபாய்.
கத்திரி முடிந்தால் இறங்கும் என்றார்.
இரண்டு வாங்கினேன்.

வாணலியில் எள் முதலில் சும்மா கிடந்தது,
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்கள்போல.
ஒன்று துள்ளியது.
அதைப் பார்த்து நாலு.
சிவக்க விட்டால் கசக்கும்.
வாசனை வந்ததும் தட்டில் கொட்டி
மின்விசிறிக்கு அடியில் வைத்தேன்.
பாதி ஆறியது.
கரண்ட் போனது.

நாற்பது நிமிஷம்.
மாடிப்படியிலிருந்து ஹெப்சிபா
"உங்க வீட்லயுமா?" என்றாள்.
மேற்கு மாம்பலத்தில்
இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

சட்னி ஜாரில்
முதல் சுற்றுக்கு மாவு,
நாலாம் சுற்றுக்கு ஈர மணல்.
ஓரத்தை வழித்து வழித்துத் தள்ளி
இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டதும்
மனசு மாறி வழியத் தொடங்கியது.
எள் என்றால் எண்ணெயாக நிற்பது
ஆட்களுக்குச் சொன்னதுபோலிருக்கிறது.
எள்ளுக்கு அரைமணி நேரம் ஆகிறது.

உப்பு. ஒரு பல் பூண்டு.
எலுமிச்சையைப் பிழிந்தேன்.

இளகும் என்று பார்த்தால்
இறுகியது.
பிழிந்த சாறு எங்கே போனதென்றே தெரியவில்லை.
திரிதிரியாக, மேஸ்திரி விட்டுப்போன பூச்சுபோல.
கரண்டி நட்டபடி நின்றது.

திலோத்தமா அக்கா கோபித்தால் இப்படித்தான்.
ஒரு சொல் புளிப்பாய் விழுந்தால்
மூன்று நாள் பேச்சு கிடையாது.
சாப்பாட்டை மட்டும் மூடி வைத்திருப்பாள்.

திலம் என்றால் எள்.
பெயரிலேயே அதை வைத்திருந்தவள்.
போன ஐப்பசியில்
பட்டினப்பாக்கம் கரையில்
அவளுக்கு எள் இறைத்தவன் பெரியப்பாவின் பேரன்.
இரண்டு கல்யாணங்களில் அவளைப் பார்த்திருக்கிறான்.
பெயர் கேட்டபோது
"திலகவதி" என்றான்.
திருத்தினேன்.
அலைக்குத்தான் கேட்டது.
"பொம்பளைங்க கொஞ்சம் தள்ளி."
தள்ளி நின்றேன்,
எல்லோருடைய செருப்புக்கும் காவலாக.
திரும்பி வந்தவன் விரலிடுக்கில்
கறுப்பாக நாலு எள் ஒட்டியிருந்தது.
எண்ணினேன்.

சிங்க்கில் கொட்டப் போனேன்.
குழாய் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் ஒன்றுதான்
கையைப் பிடித்தது.

ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் கேன் தண்ணீர்.
ஒரு ஸ்பூன் விட்டு அடித்தேன்.
முரண்டு பிடித்தது.
இன்னொன்று.
மூன்றாவதில் வெளுத்தது.
அடுத்ததில்
தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவே
பெயரில்லாத ஒன்றாகிக்
கரண்டியை விட்டு மெல்ல இறங்கியது.

அப்போதுதான் கிண்ணத்தைச் சரியாகப் பார்த்தேன்.
எள்.
தண்ணீர்.

தள்ளி நிற்கச் சொல்ல ஆளில்லை.
மந்திரம் தெரியாது.
பெயரை மட்டும்
ஒரு தடவை, முழுசாகச் சொன்னேன்,
மிக்ஸி ஓய்ந்த சமையலறையில்.
கோத்திரம் கேட்காமல்
ஃப்ரிட்ஜ் உறுமியது.

வெள்ளரி, கேரட், பாதி வெங்காயம்.
மேலே ஊற்றி நின்றபடியே சாப்பிட்டேன்.
உப்பு கம்மி.
அவளாக இருந்தால்
இன்னும் அரை மூடி பிழிந்திருப்பாள்.
பிழிந்தேன்.
கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு.
அவளுக்குச் சரியாக இருந்திருக்கும்.

மிச்சத்தை ஒரு கிண்ணத்தில்
ஹெப்சிபாவுக்குக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தாள்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.
"என்னக்கா இது?
இட்லிக்கு ஓடுமா?"

ஓடும் என்றேன்.