நிலை அறிக்கை

மாரிட்ஸ்பர்க் நகரின் ஓவியக்கூடம்
முன்பு நீதிமன்றமாக இருந்தது.
கைதிக் கூண்டு நின்ற இடத்தில் இப்போது
ஸ்காட்லாந்து ஆடுகள் மூடுபனியில் மேய்கின்றன,
பொன்முலாம் பூசிய சட்டத்துக்குள்,
ஒரு நூற்றாண்டாய் அதே புல்லை.

பழைய பதிவேட்டில் முத்து முத்தான கையெழுத்து:
ஆடுகள், பன்னிரண்டு கினி.
பிரெஞ்சுப் படகுகள், நன்கொடை.
யாரோ ஒரு மேயர், மீசையோடு,
விலை குறிக்கப்படவில்லை.
பாசிமணிப் பின்னல்களும்
தொலைபேசிக் கம்பியில் முடைந்த கூடைகளும்
எழுபது ஆண்டு கழித்துத்தான் இந்த மாடி ஏறின.
அதுவரை அவற்றுக்கு இடம் எதிர்த் தெருவில்,
பஞ்சடைத்த வரிக்குதிரைக்குப் பக்கத்தில்.

இன்று என் மேசைக்கு வந்தது எண் 212.
நீர்வண்ணம். 1906. கையொப்பம் உண்டு.
தலைப்பு: கூலிக்காரி, வாழைப்பழத்துடன்.

தலைப்பை மாற்றவேண்டும் என்பது குழுவின் முடிவு.
"பழம் விற்கும் பெண்" என்றார் ஒருவர்.
"பெயர் தெரியாத பெண்" என்று எழுதிய நொம்ஃபுண்டோ
தானே அதை அடித்தாள்:
தெரியாதது நமக்குத்தானே, அவளுக்கா?

பூதக்கண்ணாடியோடு குனிந்தேன்.
மூக்குத்தி, வண்ணம் தொடாமல் விட்ட
தாளின் வெறும் வெள்ளை.
சேலைக் கரையில் பூஞ்சைப் புள்ளி நான்கு.
மடியில் ஒரு சீப்பு. எண்ணினேன்.
பதினொன்று.
பன்னிரண்டாவதன் இடத்தில்
ஈரம் காயாத காம்பு மட்டும்.

பதிவேட்டை மறுபடி புரட்டினேன்.
சட்டத்துக்கு மூன்று கினி,
கண்ணாடிக்கு ஐந்து ஷில்லிங்,
ஆணிக்கும் கயிற்றுக்கும்கூடக் கணக்கு இருக்கிறது.
பழத்துக்கு இல்லை.

தின்றது நீதானே ஐயா,
முக்காலியில் உட்கார்ந்து, முதல் பூச்சு காயும்வரை?
காசு கொடுத்தாயா?
அவள் கண் சுருங்கியிருப்பது வெயிலுக்கு என்றுதான்
இத்தனை காலமும் கையேடுகளில் அச்சிட்டு வந்தோம்.

ரசமட்டத்தோடு ஏணியில் நிற்கும் பூபாலன் கேட்கிறான்,
"எங்கே மாட்டட்டும், சலோஷினி?"
ஆடுகளுக்கு எதிரில்.
"அது நீதிபதி உட்கார்ந்த பக்கமாச்சே."
ஆமாம். அங்கேதான் ஈரம் குறைவு.

அறிக்கையில் தட்டச்சு செய்கிறேன்:
கீழே வலப்புறம், இழப்பு, பழம் ஒன்று.
ஓவியர் பெயரில் பாக்கி.
இரண்டாம் வரியை இயக்குநர் அடித்துவிடுவார்,
பேனாவைத் திறக்காமலே, நகத்தால் கீறி.

இரண்டு மணிக்குப் போகவேண்டிய கரண்ட்
ஒன்றரைக்கே போயிற்று.
திரை கறுத்தது.
சேமித்தேனா என்று நினைவில்லை.