உரிமையாளர்: மறைக்கப்பட்டது

இணையத்தளத்துக்குப் பெயர் வாங்கிய இரவு
எட்மன்டனில் மைனஸ் இருபத்தொன்பது.
படிவம் கேட்டது:
பெயர், தெரு, தபால் குறி, தொலைபேசி.
பொய் எழுதினால் வாங்கியது பறிபோகும் என்று
கீழே பொடி எழுத்தில் ஒரு வரி.
நான் கணக்காளர்.
பொடி எழுத்தை வாசிக்கிற சாதி.
வதனரூபி என்று எழுதினேன்,
மில்வுட்ஸ், நிலவறை வீடு, பின்கதவு
என்பது வரைக்கும்.

கோயிலின் ஐந்து வருடக் கணக்கை
அங்கே வரி வரியாக ஏற்றினேன்.
தேருக்கு வாங்கிய காசு
தேராகவில்லை.
மண்டபக் கூரைக்கு இரண்டு ரசீது.
கூரை ஒன்று. அதுவும் ஒழுகுகிறது.
கீழே கையெழுத்தாக 'ஒரு பக்தை'.
அது மட்டும் பொய்.
நான் போவது வடைக்கு.

மூன்றாம் ஞாயிறு, கதவில் தட்டல்.
தபால்காரரே கண்டுபிடிக்காத கதவு.
பொருளாளர் குகதாசன்,
பனிச்சப்பாத்தோடு உள்ளே வந்து நின்றார்.
கையில் வெள்ளித்தாள் சுற்றிய பஞ்சாமிர்தம்.
"விலாசம் இன்டர்நெட்டிலயே கிடக்குது, தங்கச்சி.
ஆர் வேணுமெண்டாலும் பாக்கலாம்.
நாங்களும் பாத்தம்."
வெருட்டவில்லை. சிரித்தார். போய்விட்டார்.
சப்பாத்துப் பனி கரைந்து
என் கம்பளத்தில் இரண்டு பாதம்
வெகு நேரம் நின்றது.
பொலிசுக்கு என்னவென்று சொல்ல?
பிரசாதம் தந்தார் என்றா?

அன்றிரவே பன்னிரண்டு டொலர் கட்டினேன்.
இப்போது யார் தேடினாலும்
நான் கால்வைக்காத ஒரு நகரத்தின்
தபால்பெட்டி இலக்கம் வரும்.
என் பெயர் இருந்த இடத்தில்
'மறைக்கப்பட்டது.'

பொதுக்கூட்டத்தில் குகதாசன் கேட்டாராம்:
"எங்களை ஒளிக்காதை எண்டுற ஆள்
தான் ஏன் ஒளிக்கிறா?"
கை தட்டினார்களாம்.
நல்ல கேள்வி.
படுக்கையில் புரண்டு புரண்டு
பதில் எழுதிப் பார்த்தேன்.
அவர்களிடம் இருப்பது ஊர்க்காசு,
என்னிடம் இருப்பது ஒரு பின்கதவு,
இரண்டுக்கும் ஒரே தராசா என்று.
சில இரவுகளில் அது போதுமான பதில்.
சில இரவுகளில்
முள் ஆடிக்கொண்டே நிற்கிறது.

மே மாதம் கம்பனியிடமிருந்து மின்னஞ்சல்.
'தங்களுக்கு வந்த கடிதம் ஒன்று
விளம்பரமெனக் கருதி அழிக்கப்பட்டது.
அனுப்பியவர்: ச. பேரின்பம், லெத்பிரிட்ஜ்.'

பேரின்பம்.
என் பட்டியலில் நாற்பத்தோராவது வரி.
தேருக்கு ஐயாயிரம்.
ரசீது என்ற கட்டத்தில் கேள்விக்குறி.
எழுதியதில் என்ன இருந்திருக்கும்?
அந்த ரசீதா,
'என் பெயரை எடு பிள்ளை' என்ற கெஞ்சலா?
அவர் பெயரை அங்கே போட
நான் அவரைக் கேட்கவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

இணையத்தில் அந்த மனிதர் எங்கும் இல்லை.
நூலகத்தின் அடித்தட்டில்
பதினொரு வருடப் பழைய தொலைபேசிப் புத்தகம்.
மஞ்சளடித்த தாளில், வீட்டு இலக்கத்தோடு, இருந்தார்.
யார் வேண்டுமென்றாலும் பார்க்கலாம்.
நானும் பார்த்தேன்.

ஐந்து மணித்தியால ஓட்டம்.
தெற்கே போகப் போகக் காற்று காரைத் தள்ளியது.
வாசலில் ஒரு துளசித் தொட்டி,
பனியில் கருகினதை இன்னும் பிடுங்கவில்லை.
திரைச்சீலை கொஞ்சம் அசைந்தது.

முதலில் சப்பாத்தைக் கழற்றினேன்.
பிறகு என் முழுப்பெயரை
கதவுக்குக் கேட்கும்படி சொன்னேன்.
பிறகுதான்
மணியை அழுத்தினேன்.